71 வியாழன் எடை

திருவாதிரை மீனை அடையாளம் தெரிந்தவர்களுக்கு ஓரியன் குழுவும் தெரிந்திருக்கும். அதன் காலடியில், தெற்கே, முயல் என்றொரு சிறு விண்மீன் குழு உண்டு. அந்தத் திசையில் சுமார் 19 ஒளியாண்டு தொலைவில் கிளீசே 229 என்ற செங்குறுமீன் இருக்கிறது. வெறும் கண்ணுக்குச் சிக்காது, பைனாகுலரில் சிக்கும். அதைவிடப் பல ஆயிரம் மடங்கு மங்கலான துணை ஒன்று அதைச் சுற்றி வருகிறது. கிளீசே 229 பி என்று அதற்குப் பெயர். அந்தத் துணையின் எடையில்தான் 2020-இல் ஒரு தகராறு வந்தது.

எடை என்று வழக்கில் சொல்கிறேன்; நிறை என்பதே சரி. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இரண்டு விண்கலங்கள் கால் நூற்றாண்டு இடைவெளியில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு, டிமோதி பிராண்டும் அவருடைய குழுவினரும் அந்தத் துணையின் நிறையைக் கணக்கிட்டார்கள். முதலில் வந்த விடை வியாழன் கோளின் நிறையைப் போல் 70 மடங்கு, சுருக்கமாக 70 வியாழன்; ஐந்து கூடலாம் அல்லது குறையலாம். அடுத்த ஆண்டு அதையே இன்னும் கூர்மையாக்கினார்கள்: 71.4 வியாழன், பிழை 0.6-க்குள். சிக்கல் என்னவென்றால், அவ்வளவு நிறையுள்ள ஒன்று, அந்த வயதில், இப்போது தெரிவதைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு பிரகாசமாக இருந்தாக வேண்டும். அளவு தவறாக இருக்கலாம். இத்தகைய பொருள்கள் எப்படிக் குளிர்கின்றன என்ற கோட்பாடு தவறாக இருக்கலாம். மூன்றாவதாக ஒரு சாத்தியமும் இருந்தது. அதற்குப் போகும் முன் இது என்ன வகைப் பொருள் என்று பார்த்துவிடலாம்.

பழுப்புக் குறுமீன் என்று இதைச் சொல்வார்கள். விண்மீனைப் போலவே வாயு மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி உருவாவது. ஆனால் விண்மீனாகும் அளவுக்குச் சரக்கு சேராமல் போனது. நிறை ஏறத்தாழ 75 வியாழனுக்குக் குறைந்தால் நடுப்பகுதியில் ஹைட்ரஜன் தொடர்ந்து எரியும் அளவுக்குச் சூடு ஏறாது. 13 வியாழனுக்கு மேல் இருந்தால் கனஹைட்ரஜனாகிய டியூட்டீரியம் கொஞ்ச காலம் எரியும், பிறகு அதுவும் தீர்ந்துவிடும். அப்புறம் ஆயுள் முழுக்கக் குளிர்ந்துகொண்டே போவதுதான் வேலை. இப்படிப்பட்ட பொருள்கள் இருந்தாக வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்தில் கணக்குப் போட்டுச் சொன்னவர் இந்தியாவில் பிறந்த ஷிவ் குமார். பழுப்பு என்ற அடைமொழியை 1975-இல் சூட்டியவர் ஜில் டார்ட்டர்.

எரிபொருள் இல்லாத ஒன்று தன் ஈர்ப்பாலேயே நசுங்கிப் போகாமல் எப்படி நிற்கிறது? ஒரு அளவுக்கு மேல் நெருக்கினால் எலக்ட்ரான்கள் இடம் கொடுக்காது. அந்த எதிர்ப்புக்கு வெப்பம் தேவையில்லை; உடல் குளிர்ந்த பிறகும் அது தாங்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், எரிந்து முடிந்த விண்மீன்களின் எச்சமான வெண்குறுமீன்களுக்கு நிறை வரம்பு கண்டது இதே எதிர்ப்பை வைத்துத்தான். அதே இயற்பியல் பழுப்புக் குறுமீனையும் தாங்குகிறது. அதன் விளைவு விசித்திரமானது. 20 வியாழன் நிறையுள்ளதும் 70 வியாழன் நிறையுள்ளதும் உருவத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு, நம் வியாழன் அளவுதான். பருமனைப் பார்த்து எடையை ஊகிக்க முடியாது.

வெளிச்சத்தைப் பார்த்தும் முடியாது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே சீராக எரிவதால் அதன் பிரகாசத்திலிருந்து நிறையை ஓரளவு சொல்லிவிடலாம். பழுப்புக் குறுமீனோ பிறந்த நாளிலிருந்து மங்கிக்கொண்டே வருவது. கண்ணெதிரே ஒரு மங்கல் புள்ளி இருக்கிறது என்றால், அது இளமையான இலேசான பொருளாகவும் இருக்கலாம், வயதேறிய கனமான பொருளாகவும் இருக்கலாம். நிறமாலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். வயதை வேறு வழியில் தெரிந்துகொள்ளாதவரை, கோட்பாட்டை வைத்துச் சொல்லும் நிறை எல்லாம் ஊகம்தான். 1995-இல் கிளீசே 229 பி-யைக் கண்டறிந்தவர்கள் அதற்கு 20 முதல் 50 வியாழன் என்று அகலமான கணிப்பைக் கொடுத்ததற்குக் காரணம் இது. கவனக்குறைவு அல்ல.

எனவே ஒரே வழி ஈர்ப்பு. ஒரு பொருள் இன்னொன்றை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தால் நிறை வந்துவிடும்; வயதும் வேண்டாம், கோட்பாடும் வேண்டாம். அதற்கு அந்தப் பொருள் தனியாக இருக்கக் கூடாது, துணை வேண்டும். பழுப்புக் குறுமீன் ஆய்வில் இரட்டைகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதற்கு இதுதான் விடை. தனியாகத் திரிவது ஆயிரம் கிடைத்தாலும், சுற்றுப்பாதை தெரிந்த ஒரு ஜோடி சொல்லும் உண்மையை அவை சொல்லாது.

இரு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது உண்மையில் இரண்டுமே ஒரு பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன. காவடித் தடியை நினைத்துக்கொள்ளலாம். இரு முனையிலும் சம பாரம் தொங்கினால் தோள் நடுவில் இருக்கும். ஒரு பக்கம் பாரம் கூடினால் தோள் அந்தப் பக்கம் நகரும். சூரியனும் வியாழனும் இப்படித்தான்: அவற்றின் நிறை மையம் சூரியனின் மையத்திலிருந்து சுமார் 7,42,000 கி.மீ. தள்ளி, சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே இருக்கிறது. அந்தப் புள்ளியைச் சுற்றி சூரியன் 12 ஆண்டுக்கு ஒரு முறை சிறு வட்டம் போடுகிறது. 33 ஒளியாண்டு தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அந்த வட்டத்தின் ஆரம் அரை மில்லி விகலை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குக் கணக்குத் தெரியும்: 60 விகலை ஒரு கலை, 60 கலை ஒரு பாகை. முழுநிலவின் அகலம் சுமார் 1,800 விகலை. மில்லி விகலை என்பது ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நுண்ணிய அசைவை அளக்கும் கலைக்கு வானளவையியல் என்று பெயர். வானியலின் மிகப் பழைய கிளை இது; ஒவ்வொரு விண்மீனும் எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பது. நிறமாலையும் புகைப்படமும் வந்த பிறகு இதைக் குமாஸ்தா வேலை மாதிரிப் பார்த்த காலமும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாததை முதன்முதலில் பிடித்தது இந்த வேலைதான். 1838-இல் ஒரு விண்மீனின் தொலைவை அளந்து புகழ்பெற்ற பெசல், 1844-இல் சிரியஸ், புரோசியான் என்ற இரு பிரகாசமான மீன்களின் பாதை நேராக இல்லை, நெளிகிறது என்று அறிவித்தார். தெரியாத துணைகள் இழுக்கின்றன என்றார். 1862-இல் அமெரிக்கத் தொலைநோக்கி வினைஞர் ஆல்வன் கிரகாம் கிளார்க் புதிய லென்சைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சிரியஸின் துணையைக் கண்ணால் கண்டார். அது ஒரு வெண்குறுமீன். சந்திரசேகரின் கணக்கு எந்த வகைப் பொருளுக்கோ, அந்த வகை.

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தில் இயக்குநராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை மீனின் சுற்றுப்பாதையில் கணக்குக்கு ஒத்துவராத சிறு பிசகுகளைக் கண்ட அவர், அங்கே கோள் போன்ற ஒன்று இருக்கக்கூடும் என்று 1855-இல் எழுதினார். சூரியனுக்கு வெளியே ஒரு கோளுக்கு அளவை அடிப்படையில் உரிமை கொண்டாடிய மிகப் பழைய முயற்சிகளில் ஒன்று அது. கோள் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. அந்தப் பிசகுகள் அளவீட்டுப் பிழைகளே. ஆனால் கேள்வி சரியான கேள்வி. அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டு எழுத்துகளோடு, நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. கல்லூரி மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடம். யாரும் கூட்டிப்போவதாகத் தெரியவில்லை.

ஜேக்கப்பைவிடப் பெரிய சறுக்கல் அமெரிக்காவில் நடந்தது. ஸ்பிரௌல் ஆய்வகத்தின் பீட்டர் வான் டி காம்ப், பர்னார்டு மீனைப் பல பத்தாண்டுகளாகக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து, அது நெளிகிறது, அதற்குக் கோள் உண்டு என்று 1963-இல் அறிவித்தார். பாடப்புத்தகங்களில்கூட இடம்பிடித்தது. பத்து ஆண்டு கழித்து வேறு தொலைநோக்கிகளில் அளந்தவர்களுக்கு அந்த நெளிவு கிடைக்கவில்லை. பிறகு பார்த்தால், அவர் கண்ட தாவல்கள் தொலைநோக்கியின் லென்சைக் கழற்றிச் சரிசெய்த தேதிகளோடு ஒத்துப்போயின. அசைந்தது விண்மீன் அல்ல, கருவி. பூமியில் நின்று மில்லி விகலையை அளப்பதில் உள்ள ஆபத்து இதுதான். காற்று ஒளியைக் குலைக்கிறது. இரவும் பகலும் கருவியின் உலோகத்தை விரித்துச் சுருக்குகின்றன. திசைக்குத் திசை தொலைநோக்கி தன் பாரத்தாலேயே வளைகிறது. போதாததற்கு, ஒரே இடத்தில் நிற்கும் தொலைநோக்கிக்கு முழு வானமும் தெரியாது.

ஆகவே கருவியை மேலே அனுப்பினார்கள். 1989 ஆகஸ்டில் கிளம்பிய ஹிப்பார்கஸ் விண்கலத்துக்கு ஆரம்பமே அபசகுனம். புவிநிலைப் பாதைக்குத் தூக்கிவிட வேண்டிய எஞ்சின் எரியவில்லை. நீள்வட்டப் பாதையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளுக்குள் புகுந்து புறப்பட்டது. மூன்றரை ஆண்டு அப்படியே தாக்குப்பிடித்து, 1,18,000-க்கும் மேற்பட்ட மீன்களின் இடத்தை ஏறத்தாழ ஒரு மில்லி விகலை துல்லியத்தில் அளந்து கொடுத்தது. பட்டியல் 1997-இல் வந்தது. அந்தக் கோளாறு இல்லாமல் இருந்திருந்தால் என்று இப்போதும் அங்கலாய்ப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அந்த நிலையிலிருந்து அவ்வளவு பிழிந்தெடுத்ததே பெரிய சாதனை.

அதன் வாரிசுதான் கையா. 2013 டிசம்பர் 19 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து புறப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில், சூரியனுக்கு எதிர்த்திசையில் போய் நின்றது. அதற்கு இரண்டு தொலைநோக்கிகள், இரண்டும் 106.5 பாகை இடைவெளியில் வெவ்வேறு திசையைப் பார்க்கும், ஆனால் இரண்டின் பிம்பமும் ஒரே தளத்தில் விழும். அந்தத் தளத்தில் 106 மின்னணுக் கண்கள், கிட்டத்தட்ட 100 கோடி பிக்சல். விண்கலம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றும். ஒவ்வொரு மீனும் தளத்தைக் கடக்கும் கணத்தைக் குறித்துக்கொள்ளும். வானத்தில் வெகு தூரம் பிரிந்திருக்கும் மீன்களை ஒரே தளத்தில் ஒப்பிடுவதுதான் இதன் சூட்சுமம். பக்கத்துப் பக்கத்து மீன்களை மட்டும் ஒப்பிட்டால் பிழைகள் ஒன்றாகச் சேர்ந்து நகர்ந்துவிடும், நமக்குத் தெரியாது. ஏறத்தாழ 200 கோடி மீன்களை இப்படித் திரும்பத் திரும்ப அளந்தது. போதிய பிரகாசமுள்ள மீன்களுக்குத் துல்லியம் 0.02 முதல் 0.03 மில்லி விகலை. முழுநிலவின் அகலத்தை ஆறு கோடிக்கும் மேற்பட்ட கூறாகப் பிரித்து ஒரு கூறை அளப்பது போன்றது.

கையாவின் கண்ணில் ஒரு விண்மீனின் பாதை மூன்று அசைவுகளின் கூட்டு. பால்வீதியில் அது போகும் நேர்கோட்டு ஓட்டம் ஒன்று. பூமி சூரியனைச் சுற்றுவதால் ஆண்டுக்கொரு முறை தோன்றும் சுழி இன்னொன்று. தொலைவைச் சொல்வது இதுதான். இவ்விரண்டையும் கழித்த பிறகும் மிச்சம் ஏதாவது நெளிந்தால் துணை இருக்கிறது என்று சந்தேகம். மென்பொருள் ஒவ்வொரு மீனுக்கும், தனி மீன் என்று வைத்துப் போட்ட கணக்கு எவ்வளவு ஒத்துவந்தது என்பதற்கு ரூவே என்றொரு மதிப்பெண் தருகிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல பிள்ளை, 1.4-ஐத் தாண்டினால் விசாரணை. ஓராண்டுக்கு மிக அருகில் சுற்றுக்காலம் உள்ள துணை என்றால் பாடு அதிகம். அதன் நெளிவும் ஆண்டுச் சுழியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

இங்கே பழுப்புக் குறுமீன் இரட்டைகளுக்கென்றே ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டும் மிக நெருக்கமாக இருந்தால் கையாவுக்கு ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அது அளப்பது தனித்தனி மீனை அல்ல, இருவரின் வெளிச்சமும் கலந்த ஒளி மையத்தை. காவடித் தடியின் இரு முனையிலும் பாரத்தோடு விளக்கும் தொங்குகிறது, இருட்டில் தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்று வையுங்கள். இரு பாரமும் சமம், இரு விளக்கும் சமம் என்றால், கலந்த வெளிச்சம் சரியாகத் தோளின் மேல் நிற்கும். தடி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் புள்ளி அசையாது. சம நிறை, சம ஒளி கொண்ட இரட்டை, வானளவையியலுக்கு அறவே தெரியாது! ஒளி மையம் எவ்வளவு அசையும் என்பது, மொத்த நிறையில் துணையின் பங்கிலிருந்து மொத்த ஒளியில் அதன் பங்கைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறதோ அதைப் பொறுத்தது. துணை கனமாகவும் இருட்டாகவும் இருந்தால்தான் நமக்கு வாழ்வு.

நல்லவேளையாகப் பழுப்புக் குறுமீன்கள் அந்த மாதிரிதான். நிறை சற்றுக் குறைந்தாலே ஒளி பலமாகச் சரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்து. படமெடுப்பவருக்கு இடைஞ்சலாக இருக்கும் அந்த மங்கலே வானளவையியலாளருக்கு வரமாகிறது.

தென்வானில் சுமார் 68 ஒளியாண்டு தொலைவில் டெனிஸ் பட்டியலில் உள்ள ஒரு மங்கல் மீன் இதற்கு நல்ல உதாரணம். விண்மீனுக்கும் பழுப்புக் குறுமீனுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டிலேயே நிற்பது. நிறை ஏறத்தாழ 78 வியாழன். 2013-இல் ஜொகானஸ் சால்மனும் சகாக்களும் சிலியிலுள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியை வைத்து அது 246 நாளுக்கு ஒரு முறை நெளிவதைக் கண்டார்கள். நெளிவின் அளவு ஐந்து மில்லி விகலைக்கும் குறைவு. அதிலிருந்து துணையின் நிறை சுமார் 28 வியாழன் என்று வந்தது. துணையை யாரும் பார்க்கவில்லை, அதன் ஒளி ஒரு துளிகூடத் தனியாகப் பிரியவில்லை. இருந்தும் நிறை கையில். காற்றையும் கருவியையும் இவ்வளவு அடக்கியாண்ட தரை அளவீடு மிக அபூர்வம். ஆனால் ஒரு சமயம் ஒரு மீன் என்றுதான் அப்படிச் செய்ய முடியும். கையா 2022 ஜூனில் தன் மூன்றாம் தரவை வெளியிட்டபோது, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டை மீன்களோடு சேர்த்து இதே ஜோடியின் சுற்றுப்பாதையையும் கொடுத்தது. யாரும் அதைக் குறிவைத்துக் கேட்காமலே.

அந்தக் கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. அசைவு சிறியது என்றால் துணை சிறியது என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் கிட்டத்தட்டச் சமமான இரு விண்மீன்கள்கூட ஒன்றையொன்று ஈடுகட்டி அதே சிறிய அசைவைத் தரும். கையா சுட்டிக்காட்டிய இப்படிப்பட்ட 28 மீன்களை ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் குத்முந்தூர் ஸ்டெஃபான்சனும் குழுவினரும் தரையிலுள்ள நிறமாலைக் கருவிகளால் சோதித்தார்கள். 2025-இல் வந்த முடிவின்படி 21 வெறும் இரட்டை விண்மீன்கள். இரண்டே இரண்டு உறுதியாயின. ஒன்று கையா-4பி, 12 வியாழன் அளவு நிறையுள்ள கோள். இன்னொன்று கையா-5பி, 21 வியாழன் நிறையுள்ள பழுப்புக் குறுமீன். ஒரு செங்குறுமீனைச் சுற்றுகிறது. அதன் சுற்றுக்காலம் 358 நாள் என்பதைக் கவனியுங்கள். ஓராண்டுச் சுழியோடு பின்னிக்கொள்ளும் என்று சொன்னேனே, அதே இடத்திலிருந்து பிடித்திருக்கிறார்கள்.

கையாவுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு; சொல்லாமல் விடக்கூடாது. பழுப்புக் குறுமீன்கள் பெரும்பாலும் அகச்சிவப்பில் ஒளிர்பவை. கையாவின் கண் கிட்டத்தட்ட நம் கண் பார்க்கும் ஒளிக்கானது. அருகிலிருக்கும் சூடான பழுப்புக் குறுமீன்கள் அதற்குத் தெரியும், அதுவும் மங்கலாக. அவ்வளவு மங்கலில் துல்லியம் அரை மில்லி விகலை வரை இறங்கிவிடும். குளிர்ந்தவை தெரியவே தெரியாது. அதனால் பழுப்புக் குறுமீனை நேரடியாகப் பார்ப்பதைவிட, அது இழுக்கும் பிரகாசமான விண்மீனைப் பார்ப்பதில்தான் கையாவின் பலம்.

கிளீசே 229-இல் நடந்தது அதுதான். துணை தன் விண்மீனிலிருந்து வெகு தூரத்தில், ஒரு சுற்றுக்கு இரு நூற்றாண்டுக்கும் மேல் எடுத்துக்கொள்வது. கையா பத்தாண்டு பார்த்தாலும் அந்தப் பாதையில் ஒரு சிறு துண்டுதான் கிடைக்கும். பிராண்ட் ஹிப்பார்கஸைத் துணைக்கழைத்தார். 1991-இல் விண்மீன் இருந்த இடத்தையும் 2015-இல் இருந்த இடத்தையும் கொண்டு அதன் சராசரி ஓட்டத்தைக் கணக்கிடலாம். கையாவின் சில ஆண்டு அளவுகளிலிருந்து இப்போதைய ஓட்டம் தெரியும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் நடுவில் ஏதோ இழுத்திருக்கிறது. வித்தியாசத்தின் அளவு, இழுத்ததன் நிறை. செயலிழந்த எஞ்சினோடு அலைந்த அந்தப் பழைய விண்கலம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

அப்படி வந்ததுதான் 71. அளவில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கோட்பாட்டை வளைக்கவும் மனம் வரவில்லை. மிஞ்சியது மூன்றாவது சாத்தியம்: அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. ஒளி நிறையோடு செங்குத்தாக ஏறுவதால், 71 வியாழனை இரண்டாகப் பிரித்தால் இரு பாதிகளின் ஒளியைக் கூட்டினாலும் முழுசின் ஒளிக்கு அருகில்கூட வராது. மங்கலுக்கு அது போதுமான காரணம்.

2024 அக்டோபரில் விடை வந்தது. கால்டெக் ஆய்வு மாணவர் ஜெர்ரி ஷுவானும் குழுவினரும், சிலியில் நான்கு எட்டு மீட்டர்த் தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகக் கலக்கும் கிராவிட்டி என்ற கருவியால் பார்த்து, 229 பி-யை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று 38 வியாழன், மற்றது 34. கூட்டினால் 72, விண்மீனின் நெளிவு சொன்ன எண்ணோடு அச்சாகப் பொருந்துகிறது. இருவரும் 12 நாளுக்கு ஒரு முறை ஒருவரையொருவர் சுற்றுகிறார்கள். இடைவெளி சுமார் 60 லட்சம் கி.மீ., அதாவது பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தைப் போல் பதினாறு மடங்கு. வானத்தில் அது ஏழு மில்லி விகலை. அதே சமயம் சாம் வைட்புக் தலைமையில் இன்னொரு குழு, நிறமாலையில் வேக மாற்றங்களைப் பார்த்து அதே முடிவுக்கு வந்தது.

இதில் எனக்குச் சுவையாகப் படுவது வரலாறுதான். 1994-இல் பாலமார் மலையின் 60 அங்குலத் தொலைநோக்கியில் முதன்முதல் படம்பிடித்து, ஓராண்டு காத்திருந்து சரிபார்த்து, 1995 அக்டோபரில் புளோரன்ஸ் மாநாட்டில் அறிவித்தவர்களில் தடாஷி நகாஜிமா, ஸ்ரீநிவாஸ் குல்கர்னி, அப்போது மாணவியாக இருந்த ரெபெக்கா ஓப்பன்ஹைமர் ஆகியோர் உண்டு. வளிமண்டலத்தில் மீத்தேன் இருந்ததால் இது விண்மீனாக இருக்கவே முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். அதே மாநாட்டில்தான் மேயரும் கெலோவும் 51 பெகாசியின் கோளை அறிவித்தார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிற்பாடு நோபல் பரிசு வந்தது. கிளீசே 229 பி-யோ மறுப்புக்கு இடமில்லாத முதல் பழுப்புக் குறுமீன் என்று பாடநூல்களில் உட்கார்ந்தது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அதன் நிறமாலையை ஒரே பொருளின் நிறமாலை என்று எண்ணி எத்தனையோ பேர் ஆராய்ந்தார்கள். இரண்டு என்று படம் சொல்லவில்லை, நிறமாலையும் சொல்லவில்லை. முதலில் சொன்னது பக்கத்து விண்மீனின் நகர்வு. 2024 ஆய்விலும் ஓப்பன்ஹைமர் பங்கெடுத்திருக்கிறார் என்பது கூடுதல் சந்தோஷம்.

இன்னும் அருகில் ஒரு ஜோடி இருக்கிறது. 2013-இல் கெவின் லூமன் வைஸ் விண்கலத்தின் பழைய அகச்சிவப்புப் படங்களில், வேகமாக இடம் மாறும் ஒரு புள்ளியைக் கண்டார். தொலைவு ஆறரை ஒளியாண்டு. ஆல்ஃபா சென்டாரிக்கும் பர்னார்டு மீனுக்கும் அடுத்து நமக்கு மிக நெருங்கிய அயலார். ஜெமினி தொலைநோக்கியில் பார்த்தபோது அது இரு பழுப்புக் குறுமீன்களாகப் பிரிந்தது. நிறை சுமார் 35, 29 வியாழன். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 27 ஆண்டு. மூன்றாவது ஒன்று அங்கே இருக்கலாம் என்று ஒரு சந்தேகம் 2014-இல் கிளம்பியது. லூயிஜி பெடின் குழுவினர் ஹபிள் தொலைநோக்கியால் ஆண்டுக்கணக்கில் இருவரின் இடத்தையும் அளந்து, அப்படி எதுவும் இல்லை, நெப்டியூன் அளவு கோள்கூட அகப்படவில்லை என்று காட்டினார்கள். பர்னார்டு மீனுக்கு நேர்ந்த கதை இங்கே நேரவில்லை.

குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களின் பக்கத்தை ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி திறந்திருக்கிறது. 2023-இல் பெர் கலிசென்டார்ஃப் குழுவினர், வைஸ் 0336 என்ற பொருள் ஒரு இரட்டை என்று வெப் படத்தில் கண்டார்கள். இரண்டுமே மிகக் குளிர்ந்த ஒய் வகை. அப்படிப்பட்ட ஜோடி கிடைத்தது அதுவே முதல் முறை. இடைவெளி சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்தான். சிறியதன் வெப்பநிலை கொதிக்கும் நீரைவிடக் குறைவு. தற்போது அவற்றுக்குச் சொல்லப்படும் நிறைகள் கோட்பாட்டைச் சார்ந்தவை. சுற்றுப்பாதை தெரிந்த பிறகுதான் நம்பலாம். அதற்கு ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். அகச்சிவப்பில் வானளவையியல் செய்யவென்றே ஜாஸ்மின் என்ற விண்கலத்தை ஜப்பான் திட்டமிட்டு வருகிறது.

கையா 2025 ஜனவரி 15 அன்று தன் கடைசி அளவை எடுத்தது. மார்ச் 27 அன்று நிரந்தரமாக அணைக்கப்பட்டது. வேலை அதோடு முடியவில்லை. இதுவரை வெளிவந்த மூன்றாம் தரவு 34 மாத அளவுகளைக் கொண்டது. ஐந்தரை ஆண்டு அளவுகளைக் கொண்ட நான்காம் தரவு 2026 டிசம்பரில் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மீனையும் ஒவ்வொரு முறை கடந்தபோதும் எடுத்த தனித்தனி அளவுகளும் அதில் இருக்கும். இதுவரை முடிவுகளை மட்டும் பார்த்தவர்கள் இனி நெளிவைத் தாங்களே பொருத்திப் பார்க்கலாம். தரவு முழுவதும் இலவசம், எந்த நாட்டவரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ரூவே மதிப்பெண்ணும் பிராண்டின் ஒப்பீட்டுப் பட்டியலும் இப்போதே கிடைக்கின்றன. இயற்பியலோ கணிதமோ படிக்கும் மாணவர்கள் தொலைநோக்கி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் பைத்தானும் போதும். இன்றைக்கே தொடங்குங்கள்.